நீ மேடையில் அழித்த பெட்டிகள்

தம்பி,

நேற்று போனில், "ஏம்மா ஒரு மாதிரியாவே பேசுற? கல்யாண வீட்டுக்காரி பேச்சு மாதிரியா இருக்கு?" என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் நான் ஆரம்பித்தால் நடுவில் நீ "ஒரு நிமிஷம்மா, இன்னொரு கால் வருது" என்பாய். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு மனசு இளகி, "சரிப்பா, சாப்பிட்டியா" என்று கேட்டு முடித்துவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். வாட்சப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவாய் என்று தபாலில் போடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா மகனுக்கு எழுதினால் அதில் ஆசீர்வாதம்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அதை மணமேடையில் அட்சதையோடு போட்டுக்கொள்ளலாம். இங்கே நீயும் நானும் மட்டும்தான். கசந்ததைக் கசந்தது என்றே எழுதுகிறேன்.

கொரோனா சமயத்தில் நீ பெங்களூரிலிருந்து வந்து முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மாதங்களிலிருந்து தொடங்குகிறேன். நீ வளர்ந்த பிறகு உன்னோடு நான் சந்தோஷமாக இருந்த காலம் அது ஒன்றுதான். ஊரே பயந்துகொண்டு கிடந்தது, எனக்கு மட்டும் மகன் வீட்டில் இருந்தான். நான் ஆலங்குடி ஆபீஸிலிருந்து கடலை மகசூல் கணக்கை எடுத்துக்கொண்டு வருவேன். வயலில் கயிறு பிடித்துச் சதுரம் கட்டி, அதற்குள் இருக்கிற செடியை மட்டும் பிடுங்கி, கடலையை உதிர்த்து எடை போட்டு எழுதுகிற வேலை. உனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். லீவு நாளில் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கந்தர்வக்கோட்டைப் பக்கம் வரைக்கும் என்னோடு வந்தவன்தானே. அந்த எடைகளை எக்ஸெலில் ஏற்றி, கூட்டி, ஊருக்கு ஒரு சராசரி எடுத்து மேலே அனுப்புவேன். நீ ஒரு நாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாத்தையும் அடிச்சு ஒரே நம்பராக்கிட்டா, ஒரு சனத்துக்கு ஒண்ணுமே வெளையாமப் போனது எங்கிட்டுத் தெரியும்?" என்றாய். இத்தனை வருஷ சர்வீஸில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கே எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் மொழியை ஏற்றிக் கொடுத்தாய். அதன் பெயர் ஆர் என்றாய். நான் சாப்பாட்டு வேளையில் அப்பாவிடம் "ஆர் படிக்கிறேன்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே "ஆரு படிக்கிறா?" என்றார். நீயும் நானும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. பெட்டிப்படம் என்றால் என்ன என்று நீ சொல்லிக்கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு ஊர்ல இருக்குற எல்லா வயலையும் கம்மியா வெளைஞ்சதுல இருந்து கூட வெளைஞ்சது வரைக்கும் வரிசையா நிக்க வைம்மா. சரியா நடுவுல நிக்குது பாரு, அதுதான் மீடியன், அங்க ஒரு கோடு. நடுவுல இருக்குற பாதிப் பேரைச் சுத்தி ஒரு பெட்டி. மிச்சப் பேருக்கு மேலயும் கீழயும் மீசை மாதிரி ரெண்டு கோடு. கூட்டத்தை விட்டு ரொம்பத் தள்ளி நிக்கிறவனுக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான்." அந்த அவ்வளவுதானைக் கற்றுக்கொள்ள எனக்கு மாதக்கணக்கானது. கமா விட்டுப்போகும். பெரிய எழுத்தில் வைத்த பெயரைச் சின்ன எழுத்தில் அடிப்பேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அது சிவப்பில் திட்டும். அடைப்பை மூட மறந்தால் ஒரு பிளஸ் குறியைக் காட்டிக்கொண்டு, நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று நம்பிக் காத்திருக்கும். நான் வெட்கப்படுவேன். "தப்பு காட்டுதுன்னா அது ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா" என்பாய். அந்த மாதங்களில் நீ ஒரு தடவைகூட என் தப்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதை நீ ஞாபகம் வைத்திருக்க மாட்டாய். நான் வைத்திருக்கிறேன்.

நீ திரும்பிப் போன பிறகு, யார் துணையும் இல்லாமல் நான் போட்ட முதல் படத்தை உனக்கு அனுப்பினேன். ஊருக்கு ஒரு பெட்டி. ஆலங்குடிக்குப் பச்சை, கந்தர்வக்கோட்டைக்கு ஆரஞ்சு, இன்னும் மற்ற ஊர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நிறம். பின்னால் சாம்பல் நிறத்தில் கட்டங்கள், சுற்றிலும் தடித்த சட்டம், தலைப்பு சிவப்பில். நிறத்தை எப்படி மாற்றுவது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் கண்ட இடத்திலெல்லாம் நிறத்தைப் பூசியிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. எங்கள் ஆபீசர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நீயும் "சூப்பர்மா" என்று பதில் போட்டிருந்தாய். அந்த ஒரு வார்த்தையைத் திறந்து திறந்து பார்த்தேன், தம்பி. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் ஆபீஸில் நிவேதா என்று ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், மணமேல்குடிப் பக்கம். பஸ் மாறி மாறி வருகிறாள். அவளுக்கு இந்த மொழியை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், சுவரில் இருக்கிற படம் நான் போட்டது என்று மட்டும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது தீர்ந்துபோய், அவள் யூடியூபில் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா, ஓடியாங்க, நம்ம சுவத்துல இருக்குற படம் மாதிரியே ஒண்ணு வருது" என்று கூப்பிட்டாள். ஈரக் கையோடு போனேன்.

இந்த மாதிரிப் படங்களை எப்படிப் போட வேண்டும் என்று பேசிக்கொண்டு மேடையில் நீ நின்றிருந்தாய். கறுப்பு டீ-சர்ட், காதோரம் மைக். உன்னைப் பார்த்ததும் எனக்கு முதலில் பெருமைதான் வந்தது. பின்னால் அத்தனை பெரிய திரையில் என் படம். மாதிரி இல்லை, என் படமேதான். தலைப்பில் நான் விட்டிருந்த எழுத்துப்பிழை உட்பட அப்படியே இருந்தது. "இது ஒரு சின்ன ஊர் கவர்மென்ட் ஆபீஸில் ஒரு லேடி போட்டது" என்று இங்கிலீஷில் சொன்னாய். "ஊர்த் திருவிழாவுக்கு வைக்கிற பிளக்ஸ் மாதிரி இருக்கு, இல்லையா?" என்றாய். அரங்கம் முழுக்கச் சிரித்தது. அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நீ நிறுத்திக் காத்திருந்தாய். அப்புறம் ஒவ்வொன்றாக அழித்தாய். சாம்பல் பின்னணி போனது. கட்டங்கள் போயின. நிறங்கள் போயின. சட்டம் போனது. கடைசியில் பெட்டிகளையே எடுத்தாய். ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே ஒரு மெல்லிய கோடு, கீழே ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான் மிஞ்சியது. "தேவையில்லாத மை ஒரு சொட்டுகூட இல்லை" என்றாய். கை தட்டினார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் நியாயம் இல்லாமல் பேசுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. உன் படம் நன்றாக இருந்தது. எந்த ஊர் மேலே, எந்த ஊர் கீழே, எந்த ஊரில் விளைச்சல் ஒரே சீராக இருக்கிறது, எந்த ஊரில் மண் ஒருவனுக்கு வாரிக் கொடுத்து இன்னொருவனைக் கைவிட்டிருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. என் படத்தில் நிறம்தான் தெரிந்தது. நீ சொன்னது அத்தனையும் சரி. தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

நிவேதா திரையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஆருக்கா இவரு? ஒங்க ஜாடையால்ல இருக்காரு?" என்றாள். நான், "தெரியலம்மா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. நீ என்னை ஒரு லேடி என்றாய், நான் உன்னை யாரோ என்றேன். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கி, நடந்து வந்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் மோட்டார் சுவிட்சைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம புள்ளதானே, விடு. அவனுக்கு அங்க ஆயிரம் இருக்கும்" என்றார். அவருக்கு எல்லாமே விடு.

உனக்குத் தெரியும், உன் அப்பாவும் என்னை வைத்துச் சிரிக்க வைத்திருக்கிறார். நான் ஸ்கூட்டி பழகிய புதிதில் ஒரு ஆட்டுக்கொட்டகைக்குள் வண்டியை விட்டுவிட்டேன். அந்தக் கதையை ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறுகிறவர் நின்று கேட்கும் அளவுக்குச் சொன்னார். ஆனால் "எம் பொண்டாட்டி இருக்காளே" என்றுதான் ஆரம்பித்தார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். "ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல, இவளுக்குத்தான் முழங்கை பேந்துபோச்சு" என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். கல்யாணம் ஆகப்போகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். காவ்யாவை வைத்துச் சிரிக்க வேண்டும் என்று தோன்றினால், அவள் பக்கத்தில் இருக்கும்போது, அவள் உனக்கு யார் என்று சொல்லிவிட்டுச் சிரி. அப்படிச் சொன்ன பிறகும் வாயில் வருகிற வார்த்தைதான் சொல்லத் தகுந்த வார்த்தை.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து உன் படத்தை நானே போட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. பெட்டியின் கோட்டை இல்லாமல் ஆக்கினேன். மீசையின் முனையில் குறுக்கே வருகிற சின்னக் கோட்டை எடுத்தேன். மீடியன் கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். முதலில் புள்ளி எல்லாம் காணாமல் போனது, அப்புறம் பட்டாணி அளவுக்கு வந்தது, கடைசியில் சரியாக வந்தது. சட்டத்தையும் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்துக்கொண்டே வந்தேன். முடித்துப் பார்த்தபோது திரையில் நீ காட்டியது அப்படியே இருந்தது. ஆபீசரிடம் காட்டினேன். "அட, இது பளிச்சுன்னு இருக்கே, இதையே போட்டுருவோம்" என்றார். பழைய படத்தைச் சுவரிலிருந்து நானே உரித்து எடுத்தேன். டேப் ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பும் கையோடு வந்தது.

நிச்சயம் முடிந்து காவ்யா வீட்டார் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, அடுக்களை வாசலில் நீ தனியாக நின்றபோதுதான் கேட்டேன். "தம்பி, மேடையில ஒரு படம் காட்டுனியே, அது ஆரு போட்டதுன்னு சொல்லியிருக்கலாமே?"

நீ போனிலிருந்து தலையைத் தூக்கினாய். "அதையா பாத்த? ஒன் பேரச் சொல்லலையேம்மா. ஒனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சொல்லல."

"பேரு வேணாம்ப்பா. எங்க அம்மான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க அம்மா போட்டதுன்னு சொல்லிட்டு, அதை எப்படிம்மா கிண்டல் பண்றது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டாய். அப்புறம், "சரி விடும்மா, அடுத்த தடவை எடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாய். தயிர்ப் பாத்திரத்தோடு பின்னால் காவ்யா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது அவளுக்கு. "அத்தை, அது நீங்க போட்டதா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "நானும் அங்கதான் இருந்தேன். நானும் சிரிச்சேன்" என்றாள். அதற்கு மேல் சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றாள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். விழுங்கியிருப்பேன். என் ஆபீஸில் யாருக்கும் பத்திரிகை வைக்காமல், கட்டு முழுவதையும் அலமாரியிலேயே வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் உன் போட்டோ இருக்கிறது. நிவேதா பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

போன வாரம் அவளே வந்தாள். "அக்கா, கொஞ்சம் இங்கிட்டு வாங்களேன்" என்று பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கிட்டே கூட்டிக்கொண்டு போனாள். கையில் போன். நீ இன்னொரு ஊரில், இன்னொரு மேடையில் பேசியது. என் படத்தை எடுத்துவிட்டிருந்தாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். அந்த இடத்தில் நிவேதாவின் படம் இருந்தது.

உங்கள் படங்களை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று முதலில் பார்த்த அந்த வீடியோவின் கடைசியில் நீ சொல்லியிருந்தாயாம். எனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாள். ஊர்ப் பெயர்களையெல்லாம் தமிழில் போட அவள் பட்ட பாட்டை நான் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவள். அந்த மொழிக்குள் தமிழ் ஒழுங்காக உட்காராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். "ஊர்க்காரங்க பாக்குற படம்க்கா, அவங்க ஊர் பேரு அவங்களுக்குப் படிக்கத் தெரிய வேணாமா?" என்று விடாமல் முட்டிக்கொண்டிருந்தாள். பாதி சரியாக வந்தது, பாதி வரவில்லை. அதைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ திரையில் போட்டு, "இதை வாசிக்க முடிகிறவர்கள் கை தூக்குங்கள். இது என் தாய்மொழி, எனக்கே முடியவில்லை" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். பெட்டிகளை அழித்தாய். கடைசியாக அந்தத் தமிழ்ப் பெயர்களை அழித்துவிட்டு, இங்கிலீஷில் இரண்டிரண்டு எழுத்தாக வைத்தாய். கை தட்டினார்கள்.

"நான் அனுப்புனப்ப, ரொம்ப நல்ல முயற்சின்னு பதில் போட்டாருக்கா" என்றாள். "பெரிய ஆளு ஒருத்தர் என் படத்தைப் பாத்தாருன்னு எங்க அப்பாகிட்ட வேற சொல்லிட்டேன்."

நான் சொன்னேன்: "அவன் என் மகன்தாம்மா."

அவள் என்னையே பார்த்தாள். "அன்னைக்குத் தெரியாதுன்னீங்க?"

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்."

"அப்ப அந்த மொதப் படம்?"

"என்னுது."

"ஒங்களையுமா?" என்றாள். கோபம் அவள் முகத்திலிருந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். "ஒங்ககிட்டயாச்சும் மன்னிப்புக் கேட்டாராக்கா?"

"எடுத்துடுறேன்னு சொன்னான்."

"எடுத்துட்டுத்தான் என்னுதைப் போட்டிருக்காரு" என்றாள்.

அவள் மெயிலில் எங்கள் ஆபீஸ் பெயர் இருந்திருக்கிறது. நீ அதைப் படித்தாயா, படிக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. படித்துவிட்டுச் செய்திருந்தால் நீ கெட்டவன். படிக்காமலே செய்திருந்தால், எதிரில் இருப்பது யார் என்று பார்க்கும் பழக்கமே உன்னைவிட்டுப் போய்விட்டது. இரண்டில் எது தேவலை என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு விளங்கவில்லை. நான் உன்னிடம் கேட்டபோது, அம்மாவை வைத்துச் சிரிக்கக் கூடாது என்று மட்டும் நீ எடுத்துக்கொண்டாய். நான் கேட்டது அது இல்லை, தம்பி.

மறுநாள் ஆபீஸில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தேன். நிவேதாவுக்கும் வைத்தேன். வாங்கிக்கொண்டு, "நான் வரலக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். எடுத்துக்கொள்ளவில்லை. நான் வருவேன். முகூர்த்தத்துக்கு நிற்பேன், உன் மாமியார் வீட்டாரோடு சிரித்துப் பேசுவேன், போட்டோவுக்கு எந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் திரும்புவேன். என் மனசு கசந்து கிடப்பது அங்கே யாருக்கும் தெரியாது, அதில் உனக்குப் பயம் வேண்டாம்.

இதைப் படித்ததும் நீ எனக்கு போன் பண்ணுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும், அழவும் செய்வாய். என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நீ வாயைத் திறப்பதற்குள் நான் கொடுத்துவிடுவேன், கொடுத்துவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பேன், அதோடு உனக்கு எல்லாம் லேசாகிவிடும். நிவேதா நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் பஸ்ஸில் இருப்பாள், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கூப்பிடு. நீ யார் என்று முதலில் சொல், என் மகன் என்று சொல். அவள் போனை எடுக்காமல் போகலாம். எடுத்தாலும் மன்னிக்காமல் போகலாம். அவளிடம் கேள்.

அம்மா